வானம் பார்த்த பூமியும் சமவாய்ப்பு மாறியும்

(பரளச்சியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

நிகழ்தகவைப் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளையினர் அழைத்தார்கள். எந்த ஊரில் பேசலாம் என்றும் கேட்டார்கள். மானாவாரி ஊர் ஒன்றில் பேசுகிறேன் என்றேன். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து இந்தக் கரிசல் காட்டில் நிகழ்தகவு ஒரு பாடப்பகுதி மட்டுமாக இருந்ததே இல்லை. புரட்டாசி பிறந்ததும் சம்சாரிகள், அதாவது உழவர்கள், வீட்டுக்கு வீடு போடும் கணக்கு அது. விதைக்கலாமா, இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா? விதையைக் கடனுக்கு வாங்கலாமா, ஆட்டை விற்று வாங்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லவே புள்ளியியல் என்ற துறை இருக்கிறது.

இன்று ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். மானாவாரிக் குடும்பம் வாழ்வது பரவலுக்குள், அதாவது கூடியும் குறைந்தும் வரும் மழையின் சிதறலுக்குள். அதற்காகத் திட்டம் தீட்டுகிறவர்கள் கையில் வைத்திருப்பதோ சராசரி. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் வெள்ளாமையும் கடனும் காப்பீடும் சிக்கிக் கிடக்கின்றன. இதை ஆறு குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. தாயக்கட்டையிலிருந்து தொடங்குவோம்

மாணவர்களுக்கு ஒரு கேள்வி. தாயக்கட்டை இரண்டையும் உருட்டினால் தாயம் விழ எவ்வளவு வாய்ப்பு? ஒரு கட்டைக்கு நான்கு முகம். ஒரு முகம் வெறுமை. மற்ற மூன்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டு கட்டைகளும் சேர்ந்து விழக்கூடிய விதங்கள் 4 × 4 = 16. ஒன்று வெறுமையாகவும் மற்றொன்று ஒற்றைப் புள்ளியாகவும் விழுவதே தாயம்; அது இரண்டு விதத்தில் நேரும். ஆகவே தாயத்தின் நிகழ்தகவு 16-இல் 2, அதாவது 8-இல் 1. மூன்று விழ 4 விதம் உண்டு; அதனால்தான் மூன்று அடிக்கடி விழுகிறது. ஆறு விழ ஒரே ஒரு விதம்.

இரண்டும் வெறுமையாக விழுந்தால்? கூட்டினால் சுழி. ஆனால் நாம் அதைப் பன்னிரண்டு என்கிறோம். கட்டையில் 12 என்று எங்கும் பொறிக்கவில்லை. விழுந்த நிலைக்கு அந்த எண்ணைக் கொடுத்தது நாம். சமவாய்ப்பு மாறி என்பதன் முழு இலக்கணமும் இதில் அடங்கிவிடுகிறது. தற்செயலாக நேரும் ஒவ்வொரு விளைவுக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும் விதிக்குச் சமவாய்ப்பு மாறி என்று பெயர். விளைவு கட்டையின் கையில். எண்ணைக் கொடுக்கும் விதி நம் கையில். 1933-இல் ருஷ்யக் கணித மேதை கோல்மோகொரோவ் நிகழ்தகவுக்கு உறுதியான அடித்தளம் இட்டபோது மாறியை இப்படி ஒரு விதியாகத்தான் வரையறுத்தார். பாடநூலில் இந்த வரையறையைப் படித்துப் புரியாமல் தவித்த மாணவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தாயக்கட்டையை நினைவூட்டினால் போதும்.

இன்னொரு பாடமும் அதில் உண்டு. வாய்ப்பு 8-இல் 1 என்றால், எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் விழுந்தே தீரும் என்று நினைக்கிறோம். எட்டு முறையும் தாயம் விழாமல் போவதற்கான நிகழ்தகவு 0.34. மூன்றில் ஒரு பங்கு ஆட்டங்களில் எட்டு உருட்டலுக்குப் பிறகும் காய் வெளியே வராது. கட்டைக்குப் பழைய உருட்டல் நினைவில் இருப்பதில்லை. “போன வருசம் பொய்த்துவிட்டது, இந்த வருசம் கொடுத்துவிடும்” என்று நாம் சொல்லும்போது வானத்துக்கு ஒரு நினைவை ஏற்றிச் சொல்கிறோம். கடல் வெப்பம் போன்ற காரணங்கள் ஓர் ஆண்டை அடுத்த ஆண்டோடு ஓரளவு பிணைக்கலாம். ஆனால் போன ஆண்டின் இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கடமை மழைக்கு இல்லை. இந்த வருசம் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கையின் மேல் வாங்கிய கடன் இந்தப் பக்கத்தில் எத்தனை குடும்பங்களை அழுத்துகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2. மாறியின் வகையைக் கேள்வி தீர்மானிக்கிறது

தனிநிலை மாறி, தொடர் மாறி என்று இரண்டாகப் பிரித்து வகுப்பில் சொல்லித் தருகிறோம். எண்ணக்கூடியது தனிநிலை, அளக்கக்கூடியது தொடர் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அப்படியானால் மழை எந்த வகை?

ஐப்பசியில் எத்தனை மழை நாள் என்று கேட்டால், விடை 0, 1, 2 என்று போகும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால்தான் அது மழை நாள். எண்ணிக்கையாக வருவதால் இது தனிநிலை மாறி. ஐப்பசி முழுதும் எவ்வளவு பெய்தது என்று கேட்டால் 143.2 ஆகவும் இருக்கலாம், 143.27 ஆகவும் இருக்கலாம். அது தொடர் மாறி. தொடர் மாறிக்கு ஒரு விசித்திரம் உண்டு. மிகச் சரியாக 143.2 மில்லிமீட்டர் பெய்வதற்கான நிகழ்தகவு சுழி. 140-க்கும் 150-க்கும் இடையில் பெய்ய என்ன வாய்ப்பு என்று கேட்டால்தான் விடை உண்டு. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்ததா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை, 1 அல்லது 0. பெர்னூலி மாறி என்பது அதுதான்.

இனி, நாளைக்கு எவ்வளவு பெய்யும் என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊரில் ஆண்டின் பெரும்பாலான நாள்களுக்கு விடை சுழி. சுழி என்ற ஒற்றைப் புள்ளியில் நிகழ்தகவின் பெரும்பகுதி குவிந்து கிடக்கிறது. மீதி சுழிக்கு மேலே தொடர்ச்சியாகப் பரவியிருக்கிறது. பாதி தனிநிலை, பாதி தொடர். இதைக் கலப்பு மாறி என்கிறோம். வறண்ட நாட்டின் தினசரி மழைக்கு உரிய வகை இதுதான். பாடநூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய வகை இது என்பது என் கருத்து.

நம் பெரியவர்கள் மில்லிமீட்டரில் அளக்கவில்லை. “ஓர் உழவு மழை”, “ரெண்டு உழவு மழை” என்றார்கள். ஏர் ஓட்டும் அளவுக்கு ஈரம் இறங்கியதா என்பதே அவர்களுடைய கேள்வி. தொடர் மாறி ஒன்றைத் தங்கள் வேலைக்கு ஏற்ற தனிநிலை மாறியாக மாற்றிக்கொண்டார்கள். 11 மில்லிமீட்டருக்கும் 12 மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. உழலாமா, கூடாதா என்ற வேறுபாடு தேவைப்பட்டது. வானம் ஒன்றுதான், நாம் கேட்கும் கேள்விக்கு ஏற்ப மாறியின் வகை மாறுகிறது.

3. சராசரி மறைப்பது

விருதுநகர் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். லண்டன் மாநகரத்தின் ஆண்டு மழை இதைவிடக் குறைவு. சராசரியை மட்டும் பார்க்கிற ஒருவர் பரளச்சி லண்டனைவிடச் செழிப்பான ஊர் என்று எழுதிவிடக் கூடும். அங்கே மழை ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகத் தூறும். இங்கே வடகிழக்குப் பருவத்தின் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிட்டு மாதக்கணக்கில் ஒளிந்துகொள்ளும்.

இன்னும் கூர்மையான சான்று நம் கண்முன் நடந்தது. தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 53 விழுக்காடு கூடுதல். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய ஆண்டு அது. 2016-இல் அதே பருவமழை 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் சராசரி எடுங்கள். இயல்பைவிட 4.5 விழுக்காடுதான் குறைவு. 19 விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் அதை “இயல்பு” என்றே வானிலைத் துறை வகைப்படுத்தும். ஒரு பெருவெள்ளமும் ஒரு கொடும் வறட்சியும் சேர்ந்து ஓர் இயல்பான பருவமாகிவிட்டன! 2016-இல் கருகிய பருத்திச் செடிக்கு 2015-இன் வெள்ளம் என்ன செய்யும்?

பள்ளிக் கணக்கு ஒன்றைப் போடுவோம். ஐந்து வாரங்களில் 0, 0, 5, 10, 85 மில்லிமீட்டர் பெய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி வாரத்துக்கு 20. அந்த ஐந்தில் நான்கு வாரங்கள் சராசரிக்குக் கீழே. வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 5. பெருமழை ஒன்று சராசரியை மேலே இழுத்துவிடுகிறது. பயிரோ மற்ற நான்கு வாரங்களிலும் உயிரோடு இருந்தாக வேண்டும். இந்தச் சிதறலை அளக்கத்தான் திட்ட விலக்கம் இருக்கிறது. அதைச் சராசரியோடு ஒப்பிட மாறுபாட்டுக் கெழு இருக்கிறது. சராசரியைச் சொல்லிவிட்டுத் திட்ட விலக்கத்தைச் சொல்லாமல் விடும் எந்த அறிக்கையையும் மானாவாரி நாட்டில் ஏற்கக் கூடாது.

4. சம்சாரி போட்டு வைத்த கணக்கு

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கப்பட்டது. கரிசல் மானாவாரிக்காக அங்கே வலியுறுத்தப்பட்ட முறைகளில் ஒன்று பருவமழைக்கு முந்தைய விதைப்பு. விதையை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கடினப்படுத்தி, மழை தொடங்குவதற்கு முன்பே ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்துவிடுவது. எந்த வாரத்தில் விதைப்பது என்பதைப் பல ஆண்டு மழைப் பதிவிலிருந்து வாரவாரியான நிகழ்தகவைக் கணக்கிட்டு முடிவு செய்கிறார்கள்.

ஏன் ஆழத்தில்? மேலாக விதைத்தால் ஒரு சிறு தூறலுக்கே முளைத்துவிடும். அடுத்த மழை வராவிட்டால் கருகிவிடும். ஆழத்தில் கிடக்கும் விதைக்கு 20 மில்லிமீட்டர் அளவிலாவது மழை இறங்கினால்தான் ஈரம் எட்டும். அதுவரை அது உறங்கும். “மழையின் அளவு இந்த எல்லையைத் தாண்டியதா?” என்ற கேள்வியை நாம் கேட்க வேண்டியதில்லை, மண்ணுக்குள்ளிருந்து விதையே கேட்டுக்கொள்கிறது. நிகழ்தகவை மண்ணில் புதைத்து வைத்த இந்த அறிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

பருத்திக்குள் உளுந்து, ஊடே துவரை என்று கலந்து விதைப்பதிலும் கணக்கு இருக்கிறது. உளுந்து குறுகிய நாளில் வந்துவிடும். துவரை நீண்ட நாள் நிற்கும். ஒன்றைக் கொல்லும் வறட்சி மற்றொன்றை அதே அளவு கொல்லாது. இரண்டு மாறிகளைக் கூட்டும்போது மொத்தத்தின் சிதறல் அவற்றின் உடன்மாறுபாட்டையும் பொறுத்தது. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் பயனில்லை. ஒன்று விழும்போது மற்றொன்று நின்றால் குடும்பம் நிற்கும். மழை பொய்த்த ஆண்டில் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கிறோமே, அதுவும் இதே கணக்குத்தான். மழையோடு சேர்ந்து சாகாத ஒரு வருமானம் அது. சீமைக்கருவேல் நிலத்துக்குச் செய்யும் கேட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை ஒழிக்கும் திட்டம் தீட்டுகிறவர்கள், மழையைச் சாராத வேறொரு வருமானத்தை அந்த இடத்தில் வைத்த பிறகே வேரைத் தொட வேண்டும்.

5. இரண்டரை சென்ட் நிலம்

இனி நான் சொல்ல வந்ததில் முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வயலில் என்ன விளைந்தது என்று பார்த்து இழப்பீடு தரும் திட்டமாக இதைப் பலர் நினைக்கிறார்கள். பரவலான இழப்புக்கு அப்படிப் பார்ப்பதில்லை. ஊர் அல்லது குறுவட்டம் என்று ஒரு காப்பீட்டு அலகு. அந்த அலகின் சராசரி மகசூல், முன் ஆண்டுகளிலிருந்து கணக்கிட்ட உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால் அந்த அலகில் பதிந்த அனைவருக்கும் இழப்பீடு. போகாவிட்டால் எவருக்கும் இல்லை. ஆகவே எல்லாம் அந்த ஒரு சராசரியில் இருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பயிர் அறுவடைப் பரிசோதனையால். வயலைத் தேர்வது யாருடைய விருப்பமும் கலவாத சமவாய்ப்பு எண்களைக் கொண்டு. தேர்ந்த வயலின் ஒரு மூலையிலிருந்து நீளவாட்டில் எத்தனை அடி, அகலவாட்டில் எத்தனை அடி நடப்பது என்பதும் சமவாய்ப்பு எண். அங்கே பல பயிர்களுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டு ஒன்றை அளந்து, அதிலுள்ளதை அறுத்து, எடை போடுவார்கள். கிராமமே அலகு என்றால் குறைந்தது 4 பரிசோதனை. நான்கு துண்டும் சேர்ந்து 100 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஓர் ஊரின் ஓராண்டு உழைப்புக்குத் தீர்ப்புச் சொல்வது இந்த இரண்டரை சென்ட்.

இது அறிவியல் இல்லாத முறை என்று நான் சொல்ல மாட்டேன். இதன் வரலாறு பெருமைக்குரியது. 1920-களில் பீகார், ஒரிசா பகுதியில் ஹப்பாக் என்ற அதிகாரி, கண்ணுக்கு நல்லதாகவோ நடுத்தரமாகவோ தெரியும் வயலைத் தேர்ந்து மகசூலை மதிப்பிடும் பழக்கத்தைக் கைவிட்டு, சமவாய்ப்பு முறையில் துண்டுகளை அறுத்துப் பார்த்தார். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கி, வங்காளத்துச் சணல் பயிரில், சிறு பகுதியை அளந்து முழுமையை மதிப்பிடும் கூறெடுப்பு முறையை வளர்த்தார். 1940-களில் புள்ளியியலாளர்கள் சுகாத்மேயும் பான்சேயும் அறுவடைப் பரிசோதனையை நாடு முழுமைக்கும் உரிய முறையாகச் செப்பனிட்டார்கள். உலகுக்கு இந்தியா கற்றுக்கொடுத்த புள்ளியியல் இது.

என் கவலை எண்ணிக்கையைப் பற்றியது. ஓர் எடுத்துக்காட்டு. உத்தரவாத மகசூலை 100 என்று வைத்துக்கொள்வோம். ஊரின் உண்மையான சராசரி 80. ஐந்தில் ஒரு பங்கு இழப்பு. கரிசலில் ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் வேறுபாடு மிகுதி. அதன் திட்ட விலக்கம் 40 என்று கொள்வோம். 4 பரிசோதனையின் சராசரிக்குத் திட்டப் பிழை, அதாவது அது உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, 40-ஐ 4-இன் வர்க்கமூலத்தால் வகுக்கக் கிடைக்கும் 20. இயல்நிலைப் பரவலைக் கொண்டு கணக்கிட்டால், இழப்பில் இருக்கும் அந்த ஊரின் அளவீடு 100-ஐத் தாண்டிவிடும் நிகழ்தகவு 0.16. ஆறு ஊருக்கு ஓர் ஊர் உரிய இழப்பீட்டை இழக்கும். எவரும் தவறு செய்யவில்லை. எவரும் பொய் எழுதவில்லை. கூறின் அளவு சிறியதாக இருந்தது, அவ்வளவுதான். பரிசோதனையை 16 ஆக்கினால் திட்டப் பிழை 10 ஆகும். அந்த நிகழ்தகவு 0.023-க்கு இறங்கிவிடும். நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஒன்றுக்குத்தான் அந்தக் கதி நேரும்.

ஒருமுறை ஓர் ஊரில் இந்தப் பரிசோதனையைப் பார்க்க நானும் உடன் சென்றேன். சமவாய்ப்பு எண் அட்டவணை சுட்டிய வயலுக்குப் போக முள்ளுக்குள் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. பரிசோதனைக்கு வந்திருந்த அலுவலர் சாலையோரத்து வயலைக் காட்டி, “இதுவும் அதே பயிர்தானே, இங்கேயே அறுத்துவிடலாம்” என்றார். அவர் கெட்டவர் அல்லர், வெயிலில் ஓய்ந்துபோயிருந்தார். ஆனால் சாலையோரத்து வயலுக்கு உரம் எளிதாகப் போகும், ஆள் எளிதாகப் போகும், மேற்பார்வை இருக்கும். அதன் மகசூல் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அந்த ஒரு மாற்றத்தால் பரிசோதனை சமவாய்ப்பு என்ற தன் உயிரையே இழந்துவிடுகிறது. எண்ணிக்கை குறைவால் வரும் பிழையை எண்ணிக்கையைக் கூட்டிச் சரிசெய்யலாம். தேர்வுச் சாய்வால் வரும் பிழையை எத்தனை ஆயிரம் வயலை அறுத்தாலும் சரிசெய்ய முடியாது. அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளை ஊருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எந்தச் சர்வே எண் தேர்வானது என்று எழுதி ஒட்ட வேண்டும். சம்சாரிகள் உடன் நிற்க வேண்டும்.

6. வாலின் நீளம்

2023 டிசம்பரில் நம் பக்கத்து மாவட்டத்தில் என்ன நடந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. அந்த ஊர் ஓராண்டு முழுதும் சராசரியாகப் பெறும் மழையைவிட அது அதிகம். பரவலின் வால் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்: சராசரியிலிருந்து வெகுதொலைவில், நிகழ்தகவு மிகச் சிறியதாக, ஆனால் சுழியாகாமல் நீண்டுகிடக்கும் பகுதி.

அந்த வாலைப் பற்றிய கணிதத்தில் உலகின் முன்னோடி ஒரு தமிழர். எஸ். ஆர். சீனிவாச வரதன் 1940-இல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க் சென்றார். அரிய நிகழ்ச்சிகளின் நிகழ்தகவு எவ்வளவு வேகமாகச் சுழியை நோக்கிச் சுருங்குகிறது என்பதை ஆராயும் பெருவிலகல் கோட்பாட்டை ஒருங்கிணைத்துக் கட்டியதற்காக 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். அந்தக் கோட்பாட்டின் வேர் 1930-களில் ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் கிராமர் காப்பீட்டு நிறுவனங்களுக்காகப் போட்ட கணக்கில் இருக்கிறது: இழப்பீடுகள் குவிந்து நிறுவனமே மூழ்கிவிட என்ன வாய்ப்பு? நிறுவனம் மூழ்கும் வாய்ப்பை அறியக் கணிதத்தின் உச்சம் பயன்பட்டது. ஒரு சம்சாரிக் குடும்பம் மூழ்கும் வாய்ப்பை அறியவும் அதே கணிதம் பயன்படும். அதற்கான தரவை நாம்தான் திரட்டிக் கொடுக்க வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவர் அந்தக் கணக்கைப் போட்டால் என் வாழ்நாள் ஆசை நிறைவேறும்.

அதற்காக இந்தக் கூட்டம் நடக்கும் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம். வளாகத்தில் மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் ஒரு மழைமானி வையுங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, வானிலைத் துறை அளக்கும் அதே நேரத்தில், இரண்டு மாணவர்கள் அளந்து நோட்டில் எழுதட்டும். விடுமுறையிலும் யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள். மழை பெய்யாத நாளன்று கட்டத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். வெறுமை என்றால் அளக்கவில்லை என்று பொருள். 0 என்றால் அளந்து பார்த்தோம், பெய்யவில்லை என்று பொருள். சுழியையும் எழுதுங்கள்.